அம்மாவின் முட்டிக்கு யாரைக் கூப்பிடுவது?

அம்மாவுக்கு வலது முட்டியில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒரே ஒரு வரி. யார் தொடர்வது, எங்கே, எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. திருச்சி உறையூரில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. நாற்காலியில் உட்கார வைத்துத்தான் அம்மாவை மேலே தூக்கி வந்தோம். வந்த மறுநாளே, யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி வந்துவிட்டது.

தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலைல பிசியோ வந்துடுவார் சார், ஒரு நாளைக்கு 350" என்றார்கள். வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பையன், தங்கமான குணம். பையிலிருந்து ஒரு மெஷினை எடுத்து முட்டியைச் சுற்றி நாலு பேடு ஒட்டி இருபது நிமிஷம் கரண்ட் வைத்தார். அப்புறம் தொடையில் கொஞ்சம் எண்ணெய் தடவி, காலைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டினார். கிளம்பும்போது முட்டிக்கு அடியில் தலையணையை வைத்து, "இப்படியே வெச்சுக்குங்கம்மா, வலி தெரியாது" என்றார். அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. எனக்கும்தான்.

அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள். ராத்திரி வீடியோ காலில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்: "வர்றவர் பி.டி.யா, பி.டி.ஏ.வா?" எனக்குப் புரியவில்லை. "பிசியோதெரபிஸ்ட்டா, அவருக்கு அசிஸ்டென்ட்டா? அதைக் கேட்டியா நீ?" கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அங்கே இந்த இரண்டும் தனித்தனி வேலை. பிசிக்கல் தெரபி அசிஸ்டென்ட் என்பவர் இரண்டு வருஷப் படிப்பு முடித்து, தேசிய அளவில் ஒரு தேர்வு எழுதி, மாநிலத்தின் உரிமமோ சான்றோ வாங்கித்தான் நோயாளியைத் தொடலாம். முதல் நாள் பரிசோதனை செய்து என்ன பிரச்சினை என்று கண்டுபிடிப்பது, எந்தப் பயிற்சி எத்தனை வாரம் என்று திட்டம் போடுவது, நடுவில் அதை மாற்றுவது, போதும் என்று முடித்துவைப்பது எல்லாம் பிசிக்கல் தெரபிஸ்ட்டின் வேலை. போட்ட திட்டத்தைக் கூட இருந்து செய்ய வைப்பது, எப்படிப் போகிறது என்று எழுதி வைப்பது, ஏதாவது சரியில்லை என்றால் உடனே மேலே சொல்வது அசிஸ்டென்ட்டின் வேலை. காசிலும் இந்தப் பிரிவு தெரியும்: 2022 முதல், அசிஸ்டென்ட் செய்த சிகிச்சைக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் தருகிறது. அதனால் அங்கே "நீங்க பி.டி.யா, பி.டி.ஏ.வா" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

நம் ஊரில் கதை வேறு. பிசியோதெரபிஸ்ட் என்றால் பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டப்படிப்பு படித்தவர். நாலு வருஷமும் அதற்கு மேல் ஒரு பயிற்சிக் காலமும் சேர்ந்தது அந்தப் படிப்பு. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அரசு அறிவிப்புகளில் 'இயன்முறை' என்ற சொல் இருந்தால் இவர்களைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் இருப்பதுபோல உதவியாளருக்கு என்று தனி உரிமம் பெற்ற ஒரு வகுப்பு இங்கே இல்லை. டிப்ளமோ முடித்தவர், சான்றிதழ் வகுப்பு போனவர், கிளினிக்கில் ஐந்தாறு வருஷம் கூட இருந்து கைப்பழக்கத்தில் கற்றவர் என்று பல மாதிரி இருக்கிறார்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது எல்லாருக்கும் ஒரே பேர்: "பிசியோ வந்திருக்கார்." 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், பிசியோதெரபிஸ்ட்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது. அது ஒருபக்கம் இருக்கட்டும். இன்றைக்கு நம் வீட்டுக்கு வருபவர் யார் என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் நாள், தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவைப் படுக்க வைத்து, ஸ்கேல் மாதிரி இரண்டு கை உள்ள ஒரு கருவியை முட்டியின் பக்கவாட்டில் வைத்து அளந்தார். மடக்கினால் 70 டிகிரி. அது கூடப் பரவாயில்லை, ஏறிவிடும் என்றார். நீட்டச் சொன்னார். கால் முழுசாக நீளவில்லை. முட்டிக்கும் படுக்கைக்கும் நடுவில் என் கையை நுழைத்துக் காட்டினார், தாராளமாகப் போனது. "முட்டிக்கு அடியில் தலகாணி வெச்சீங்களா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

மடங்கிய நிலையிலேயே வைத்திருந்தால் முட்டியின் பின்பக்கம் இறுகிக்கொள்ளும். முழுசாக நீளாத காலோடு நடந்தால் அந்தக் கால் குட்டையானதுபோல ஆகி, நொண்டல் நிரந்தரமாகிவிடும். தலையணை வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும், முட்டி அந்தரத்தில் தானாகத் தொங்கி நீளும். வலிக்கும், ஆனால் அதுதான் வேலை. அதுவரை வந்த பையன் ஒரு நாள்கூட அளக்கவில்லை. தொடைத் தசையை அம்மாவாக இறுக்கிப் பழகும் பயிற்சி ஒன்றுகூடச் சொல்லித் தரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் திட்டம் போட்டுத் தரவில்லை, அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். 'பிசியோ' என்று சொல்லி அவரைத் தனியாக அனுப்பினார்களே, அதுதான் தப்பு. கேட்காமல் விட்டது என் தப்பு.

அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தோம், என்னென்ன வழி இருக்கிறது என்று.

முதல் வழி, நாமே போவது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் பிசியோ பிரிவு, அல்லது வெளியில் ஒரு கிளினிக். காசு கையைக் கடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருச்சிக்கு மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. போய்ச் செய்வதில் பெரிய லாபம், எலும்பு டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், காயத்தைக் காட்டலாம், பிடித்து நடக்கும் பார், பயிற்சிப் படிக்கட்டு, சைக்கிள் எல்லாம் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு அம்மா 90 டிகிரி மடக்குவதைப் பார்த்தால் நம் அம்மாவுக்கும் ரோஷம் வரும். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அது நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் பதினெட்டுப் படி இறங்கி, ஆட்டோவில் குலுங்கிப் போய்த் திரும்பினால் முட்டி வீங்கிவிடுகிறது, மறுநாள் பயிற்சி கெடுகிறது. தரைத்தள வீடும், கார் வைத்திருக்கும் பிள்ளையும் இருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இரண்டாவது, பி.பி.டி. படித்தவரே தினமும் வீட்டுக்கு வருவது. எங்களிடம் ஒரு தடவைக்கு 700 கேட்டார்கள். ஆறு வாரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பணம் இருந்தால் இதில் குறையே இல்லை. ஆனால் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்க முடியும்? முக்கால் மணி நேரம் என்று பேசினாலும் மூன்றாவது வாரத்தில் அது இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிடும். முட்டி ஆபரேஷனுக்குத் தேவைப்படும் பயிற்சியில் பாதி, ஒரே அசைவைப் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்வதுதான். குதிகாலைப் படுக்கையோடு இழுத்து மடக்குவது, தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது, காலை நேராகத் தூக்கி இறக்குவது. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவதற்கு நாலு வருஷத்துக்கு மேல் படித்தவர் வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது, நாங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தது: தனியாக ஓர் உதவியாளர். செலவு பாதி, தினமும் வருவார், நேரம் கொடுப்பார். மேலே யாரும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தலையணையே போதும். இன்னொன்றும் உண்டு. ஆபரேஷன் ஆன புதிதில் வீக்கத்துக்கு ஐஸ்தான் வைப்பார்கள். பழைய மூட்டு வலிக்கு ஒத்தடம் கொடுத்துப் பழகிய கை, இங்கேயும் ஹாட் பேக்கை எடுக்கும். ஷார்ட்வேவ் டயதர்மி என்று உள்ளே சூடு கொடுக்கும் ஒரு மெஷின் இருக்கிறது, உலோக மூட்டு உள்ள இடத்தில் அதை வைக்கவே கூடாது. இதெல்லாம் தெரிந்த உதவியாளர்களும் இருக்கிறார்கள், தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஆளைப் பார்த்து நமக்குத் தெரியாது.

நான்காவது, ஹோம் நர்ஸ் அல்லது அட்டெண்டர். சிலர் "அவங்களே எக்சர்சைஸும் பண்ணிவிடுவாங்க" என்று சொல்லி ஆள் அனுப்புவார்கள். குளிக்க வைக்க, பாத்ரூம் கூட்டிப் போக, மாத்திரை எடுத்துத் தர அவர்கள் வேண்டும். முட்டியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். அவ்வளவுதான்.

ஐந்தாவது பலருக்குத் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் என்றால் வீடு தேடி வரும் சுகர், பிரஷர் மாத்திரைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய நாளிலிருந்தே அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் வருவார், இலவசம். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுக்க வேண்டும். 104-க்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். ஒரே ஆள் பல ஊர் பார்க்க வேண்டியிருக்கும், தினமும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் பக்கவாதம் வந்து மாசக்கணக்கில் படுத்திருப்பவர் கிராமத்தில் இருக்கிறார், கிளினிக் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், படித்த கண் ஒன்று அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவது எவ்வளவு பெரிய விஷயம்! அவர் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் ஒருவர் தினமும் செய்ய வைத்தாலே, காசு கொடுத்து வைக்கும் தனி உதவியாளரைவிட அது மேல்.

அக்கா ஆறாவதாக வீடியோ கால் பிசியோவைச் சொன்னாள். அம்மா போனைப் பிடித்தால் மின்விசிறிதான் தெரிகிறது. விட்டுவிட்டோம்.

கடைசியில் நாங்கள் செய்தது கலவை. தையல் பிரித்த அன்று பார்த்த பிசியோதெரபிஸ்ட்டிடமே கேட்டேன், "தினமும் உங்களைக் கூப்பிட எங்களுக்குக் கட்டாதும்மா, வேற வழி இருக்கா?" அவர் தில்லைநகரில் மாலையில் ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். அங்கே அவரிடம் நாலு வருஷமாக வேலை பார்க்கும் ஒரு பெண் இருக்கிறாள், டிப்ளமோ முடித்தவள். ஏற்பாடு இப்படி ஆனது: அந்தப் பிசியோதெரபிஸ்ட், எங்களுக்கு டாக்டரம்மா, வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து அளந்து, அந்த வாரத்துக்கு என்னென்ன, எத்தனை தடவை என்று எழுதிக் கொடுப்பார். மற்ற ஐந்து நாள் அந்தப் பெண் வருவாள். அவருக்கு 700, அவளுக்கு 300. வாரத்துக்கு 2,200. ஏஜென்சிப் பையனுக்கு ஆறு நாளைக்குக் கொடுத்தது 2,100. நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

எழுதுவதற்கு வீட்டில் இருந்த பால் கணக்கு நோட்டு ஒன்றைக் கொடுத்தோம், பாதி காலியாக இருந்தது. முதல் பக்கத்தில் டாக்டரம்மா எழுதியது: "மடக்கு 72, நீட்டு 12 குறை. குதிகாலுக்குக் கீழ் டவல், 10 நிமிஷம், 4 தடவை. கரண்ட் வேண்டாம்." அடுத்த நாளிலிருந்து அதன் கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்து: எத்தனை தடவை செய்தோம், வலி பத்துக்கு எவ்வளவு, வீக்கம் கூடியதா, ராத்திரி தூங்கினார்களா. நான்காம் நாள் "இடது கெண்டைக்கால் லேசா வலி, வீக்கம் இல்லை, மேடத்திடம் சொன்னேன்" என்று இருந்தது. வலது கால்தான் ஆபரேஷன், இடது காலையும் பார்த்திருக்கிறாள். ஆபரேஷனுக்கு அப்புறம் கெண்டைக்காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து எந்தக் காலிலும் வரலாம். அன்று சாயங்காலமே டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, சர்ஜனிடமும் போனில் பேசினார். ஒன்றுமில்லை, வாக்கரில் அந்தக் காலுக்கு அதிகப் பாரம் கொடுத்ததால் வந்த வலி. ஆனால் எனக்கு நிம்மதி வந்தது அந்த ஒரு வரியில்தான். நல்ல உதவியாளர் என்றால் யார் என்று என்னைக் கேட்டால், கையில் பலம் உள்ளவர் என்று சொல்ல மாட்டேன். எப்போது நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்.

பெண் வருவதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது, அதை அம்மா சொல்லவில்லை, நானே கவனித்தேன். பையன் வந்தபோது நைட்டியைக் கணுக்கால்வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே பயிற்சி செய்வாள். தொடைத் தசை இறுகுகிறதா என்று கை வைத்துப் பார்க்க அவரும் கூச்சப்பட்டிருக்க வேண்டும். நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. கேட்கும்போதே, பெண் கிடைப்பாரா என்று கூசாமல் கேட்டுவிடுங்கள்.

இந்தக் கலவை எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பக்கவாதம் என்றால் முதல் சில வாரங்களாவது படித்தவரே நேரில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு நழுவக்கூடும், வலியும் நீண்ட நாள் போகாமல் இருக்கலாம். அங்கே ஒவ்வொரு நாளும் உடம்பு ஒரு மாதிரி இருக்கும், பயிற்சியும் அதற்கேற்ப மாற வேண்டும். முதுகுத்தண்டு அடி என்றால் வீட்டுக்கு யார் வருவது என்ற கேள்விக்கே முன்னால், புனர்வாழ்வு மையம் ஒன்றில் தங்கிப் பயிற்சி எடுக்க முடியுமா என்று பாருங்கள். வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் அப்படி ஒன்று 1966 முதல் இருக்கிறது, அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸே விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்வை இழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். சென்னையில் கே.கே. நகரில் அரசின் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. சாதாரண இடுப்பு வலி, கழுத்து வலிக்கு நேர்மாறு: அதற்கு தினமும் ஆளே வேண்டாம். ஒரு தடவை நன்றாகப் பார்த்துப் பயிற்சி கற்றுக்கொண்டு நாமே செய்ய வேண்டியதுதான். மாசக்கணக்கில் கரண்ட் மட்டும் வைத்துக்கொண்டே இருந்தால், தேறாமலே காசு போகும்.

ஆளை எங்கே தேடுவது? கூகுளில் 'என் அருகில்' என்று போட்டால் முதலில் வருவது பெரும்பாலும் ஏஜென்சிதான். அதைவிட, ஆபரேஷன் நடந்த வார்டில் முதல் நாள் அம்மாவை எழுப்பி நடக்க வைத்தாரே, அவரிடம் டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம். பில் கட்டும் அவசரத்தில் நான் கேட்கவில்லை. உதவியாளரை உதவியாளரிடமிருந்து தேடாதீர்கள், பிசியோதெரபிஸ்ட்டைப் பிடியுங்கள், அவர் தன் கை ஆளை அனுப்புவார். ஏஜென்சியே கதி என்றால், "யார் வந்து முதலில் பார்த்துத் திட்டம் போடுவாங்க, அவங்க பேர் என்ன, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருவாங்க" என்று கேளுங்கள். மறுமுனையில் தடுமாறினால் விட்டுவிடுங்கள். வருபவரிடம் எங்கே படித்தீர்கள், என்ன படிப்பு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, காபி கொடுத்துவிட்டுக் கேட்டால் சகஜமாகச் சொல்வார்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிப் படிக்கிறாரா? சுகர் இருக்கிறதா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடுகிறதா என்று கேட்கிறாரா? மெஷினைத் திறப்பதற்கு முன்னால் நடக்கச் சொல்லிப் பார்க்கிறாரா? எத்தனை நாளில் எவ்வளவு முன்னேற்றம் எதிர்பார்க்கலாம் என்பதற்கு எண்ணில் பதில் சொல்கிறாரா? டாக்டரம்மா எங்களுக்குச் சொன்ன கணக்கு இது: சமதளத்தில் நடக்க முட்டி 65, 70 டிகிரி மடங்கினால் போதும், படி ஏற 85 வேண்டும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ 90-க்கு மேல் வேண்டும். இது தெரிந்த பிறகு அம்மா தானாகவே கேட்க ஆரம்பித்தாள், "இன்னிக்கு எவ்வளவு?" என்று.

ஐந்தாவது வாரத்தில் படிப் பயிற்சி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். அந்தப் பெண் ஒரு படி கீழே நின்றுகொண்டு, பின்பக்கம் இடுப்புத் துணியைப் பிடித்தபடி இறக்கினாள். பதினெட்டாம் படியில் அம்மா நின்று தெருவைப் பார்த்தாள், எதிர்வீட்டுக் கோலத்தைக் குறை சொன்னாள். எட்டாவது வாரம் டாக்டரம்மா கடைசியாக வந்து அளந்து, இனி யாரும் வர வேண்டாம், நீங்களே செய்துகொள்ளலாம் என்றார். நோட்டில் அன்றைய தேதியில் "மடக்கு 112, நீட்டு முழுசு" என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் அம்மாவின் கையெழுத்தில், பால் ஒன்றரை லிட்டர்.